புழுதி விதைப்புச் சம்பா: தண்ணீரை எப்போது கட்டுவது, எப்போது காயவிடுவது

கேள்வி இதுதான்: "திருத்துறைப்பூண்டி பக்கம் 3 ஏக்கர். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து இந்த வருஷம்தான் முதல் சம்பா. ஆடிக் கடைசியில் சிஆர் 1009 ரகத்தைப் புழுதியில் விதைத்தேன். இப்போது 25 நாள். ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. வயலில் நெல்லைவிடக் களைதான் கண்ணுக்குத் தெரிகிறது. 'தண்ணியைக் கட்டி வை, களை அழுகிடும்' என்கிறார் அப்பா. விவசாயிகள் கூட்டத்தில் 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள்', அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சுங்கள் என்றார்கள். மருந்துக்கடையில் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். யார் பேச்சைக் கேட்பது?"

தம்பி, அப்பா சொன்னதும் சரி, கூட்டத்தில் சொன்னதும் சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு நாளுக்கான பேச்சு, அதுவும் வேறு வேறு வயலுக்கு. கடைக்காரர் கொடுத்த பாட்டிலுக்கும் ஒரு நாள் உண்டு. உங்களுக்கு அது அநேகமாக இந்த வாரத்தோடு முடிகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயலில் இறங்கி, நெல் மாதிரியே இருக்கும் செடிகளில் பத்தைப் பிடுங்குங்கள். இலையும் தாளும் சேரும் கழுத்தை மெதுவாக விலக்கிப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அந்த இடத்தில் வெள்ளையாக, சவ்வு மாதிரி ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மயிர் முளைத்த காது மாதிரி ஒன்று தாளைப் பிடித்திருக்கும். குதிரைவாலிப் புல்லில் நாக்கும் கிடையாது, காதும் கிடையாது, கழுத்து மொட்டையாக இருக்கும். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது களை எடுக்க வந்த ஒரு அம்மா. அவர் குனிந்து பார்ப்பதே இல்லை. "கையில வழவழன்னு வந்தா புல்லு, சொரசொரன்னு வந்தா நெல்லு தம்பி" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கிப்போட்டார். நெல் இலையில் மணல் சத்து அதிகம். அந்த சிலிக்காவும் நுண்ணிய மயிரும்தான் சொரசொரப்புக்குக் காரணம்.

பிடுங்கிய புல்லில் இலையை எண்ணுங்கள். 2 முதல் 4 இலைக்குள் இருந்தால் பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்சி என்ற களைக்கொல்லி வேலை செய்யும். ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, 120 லிட்டர் தண்ணீரில், அதாவது 10 லிட்டர் டேங்க் 12. கடைக்காரர் கொடுத்தது இதுவா என்று பாட்டிலில் மருந்தின் பெயரைப் படியுங்கள். கம்பெனிப் பெயர் ஆயிரம் இருக்கும், உள்ளே இருப்பது எது என்பதே கணக்கு. புல் பக்கக்கிளை விட்டுப் புதர் கட்டிவிட்டதென்றால் அடிப்பது வீண். இலை கொஞ்சம் மஞ்சளாகும், பத்து நாளில் மறுபடி எழுந்து நிற்கும். அந்த இடங்களில் கையால்தான் எடுக்க வேண்டும். 25 நாள் என்றால் உங்கள் வயலில் இரண்டும் கலந்துதான் இருக்கும். பள்ளத்தில் பிந்தி முளைத்தது சின்னதாக இருக்கும், மேட்டில் மழைக்கு முதலில் முளைத்தது பெரிதாக இருக்கும்.

அடிக்கும்போது தண்ணீர் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். இந்த மருந்து இலை வழியாக உள்ளே போகிறது. களை தண்ணீருக்குள் முங்கி நின்றால் இலையில் மருந்தே படாது. அதனால் முதல் நாளே வடித்துவிட்டு, சேறு மட்டும் ஈரமாக இருக்கும் நிலையில் அடியுங்கள். அடித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தண்ணீரைத் திரும்ப ஏற்றி, இரண்டு மூன்று விரல் அளவுக்கு நிறுத்துங்கள். மருந்து இருக்கிற களையைச் சாய்க்கும், அந்தத் தண்ணீர் அடுத்து முளைக்க இருப்பதை அமுக்கும். மருந்தை அடித்துவிட்டு ஒரு வாரம் வயலைக் காயப்போட்டால் அடுத்த தலைமுறைக் களைக்கு நீங்களே நாற்றங்கால் விட்ட மாதிரி.

இனி அப்பா சொன்னதற்கு வருகிறேன். நிற்கிற தண்ணீர் களையை அமுக்குவது உண்மை. பெரும்பாலான களை விதைகள் முளைக்க ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். சேற்றின் மேல் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால் அடியில் கிடக்கும் விதைக்கு மூச்சு முட்டிவிடும். நெல்லுக்கு மட்டும் அந்தக் கஷ்டம் இல்லை. அதன் தாளுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழல்கள் இருக்கின்றன. இலை வாங்கும் காற்று அதன் வழியே வேர் நுனிவரை இறங்கும். நெல் தண்ணீரை விரும்பி நிற்கிறது என்பதைவிட, மற்றவை தாங்காத இடத்தில் அது தாங்கி நிற்கிறது என்பதே சரி. நம் முன்னோர்கள் சேற்றில் நடவு நட்டதன் பெரிய லாபம் இதுதான். 25 நாள் நாற்றுக்கு ஒரு சாண் உயரம் இருக்கும், களை விதை அப்போதுதான் கண் விழிக்கும். அந்த 25 நாள் முந்துதலோடு தண்ணீரையும் கட்டினால் ஆட்டம் முதலிலேயே முடிந்துவிடும்.

அப்பாவின் அனுபவம் நடவு வயலில் வந்தது. உங்களுடையது புழுதி விதைப்பு. நெல்லும் களையும் ஒரே மழையில், ஒரே நாளில் முளைத்திருக்கின்றன. குதிரைவாலி இப்போது நெல்லைவிட ஒரு விரற்கடை உயரமாகக்கூட இருக்கும். அதை முழுக வைத்துத்தான் அழுக வைக்க முடியும். அது முழுகினால் அதற்கு முன்பே நெல் முழுகிவிடும். தண்ணீர் என்பது இன்னும் முளைக்காத களைக்குத்தான் மருந்து. முளைத்து நிமிர்ந்ததற்கு இல்லை.

எல்லாக் களைக்கும் தண்ணீர் ஆகாது என்பதும் தவறு. ஆரைக்கீரையும் கருங்குவளையும் தண்ணீர் நின்றால் கும்மாளம் போடும். கரிசலாங்கண்ணி ஈரம் இருந்தாலே போதும் என்று வரப்போரம் படர்ந்துவிடும். கோரையில் இரண்டு சாதி. விதையில் முளைப்பதைத் தண்ணீர் தடுக்கும். கிழங்கில் முளைக்கிற கோரை சேற்றுழவுக்கும் தொடர்ந்து நிற்கும் தண்ணீருக்கும் ஓரளவு அடங்கும், புழுதிக் காலில் அடங்கவே அடங்காது. பிடுங்கினால் தலை கையோடு வரும், கிழங்கு உள்ளேயே கிடக்கும். அகல இலைக் களையும் கோரையும்தான் மிஞ்சி நிற்கின்றன என்றால் 2,4-டி சோடியம் உப்பு ஏக்கருக்கு 500 கிராம் என்பது பழைய, மலிவான வழி. ஆனால் காற்று அடிக்கும் நாளில் அதைத் தொடவே தொடாதீர்கள். ஒரு வருஷம் வரப்புக்கு அந்தப் பக்கம் நானே போட்டிருந்த கத்தரிப் பாத்தியை அதனால் இழந்தேன். இலைகள் குடை மாதிரி சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து வயல்காரருடையதாக இருந்திருந்தால் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பேன். பருத்தி அதைவிட மோசம், லேசாகச் சாரல் பட்டாலே போச்சு.

அடுத்த வருஷத்துக்கு உங்களுக்குச் சொல்ல வேண்டியதுதான் அதிகம். இந்த வருஷத்துக் களையில் முக்கால்வாசி, நீங்கள் விதைக்கும் முன்பே முடிவாகிவிட்ட காரியம்.

முதலில் மேடுபள்ளம். 1 ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்துவதென்றால் 2 லட்சம் லிட்டர். வயலின் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் 10 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தால், மேட்டில் 2 சென்டிமீட்டர் நிற்பதற்குப் பள்ளத்தில் 12 நிற்க வேண்டும். மேட்டில் களை, பள்ளத்தில் பயிர் அழுகல், நடுவில் மட்டும் விவசாயம். நடவு வயலில் ஒரு வருஷம், களை முளைக்குமுன் போடும் பியூட்டாகுளோர் மருந்தை முறைப்படி மணலில் கலந்து தூவினேன். ஏக்கருக்கு 1 லிட்டர், 20 கிலோ மணல், நட்ட மூன்றாம் நாள், ஒரு அங்குலத் தண்ணீரில். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அன்று ராத்திரி வரப்பில் ஒரு நண்டு வளை வழியாகத் தண்ணீர் அடுத்த வயலுக்கு இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் மேடுகள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இருபது நாள் கழித்து வயலில் மேடு எங்கெங்கே என்று களையே படம் வரைந்து காட்டியது. முளைக்குமுன் போடும் மருந்துகள் அந்த மெல்லிய தண்ணீர்ப் படலத்தின் மூலம்தான் மண்ணின் மேல் ஒரு போர்வையாகப் படிகின்றன. போட்டு இரண்டு மூன்று நாள் தண்ணீர் வெளியேயும் போகக்கூடாது, புதிதாக உள்ளே பாயவும் கூடாது. அன்றிலிருந்து மருந்து வாங்கும் முன்னால் வரப்புக்குத்தான் ஆள் விடுகிறேன். அண்டை வெட்டி, வளைகளை மிதித்து அடைத்து, சேறு பூசி, ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்து, அது நின்ற பிறகே மருந்து.

மேட்டைச் சரிசெய்ய இப்போது லேசர் லெவலர் வாடகைக்குக் கிடைக்கிறது. கோடையில், நிலம் காய்ந்திருக்கும்போது ஓட்ட வேண்டும். சித்திரையில் சொல்லி வைத்தால்தான் வைகாசியில் வரும். அதற்குக் கை எட்டாவிட்டால், ஒரு மழையில் தண்ணீர் நிற்கும்போது வயலைச் சுற்றி நடந்து, முதுகு தெரியும் இடங்களில் குச்சி நட்டு வையுங்கள். தண்ணீரைப் போல நேர்மையான மட்டப்பலகை கிடையாது. காய்ந்ததும் அந்த இடங்களில் மண் வெட்டிப் பள்ளத்தில் போடுவது இரண்டு ஆள் வேலை. சேற்று வயலில் பரம்பு (மட்டம் தட்டும் பலகை) அடிப்பதும் இதற்குத்தான், ஆனால் பரம்பு சின்ன மேட்டைத்தான் தட்டும்.

இரண்டாவது, களையை ஏமாற்றி முளைக்க வைப்பது. கோடை மழைக்கு ஒரு உழவு போட்டு விடுங்கள். பத்துப் பதினைந்து நாளில் களை பச்சைப் பசேல் என்று வரும். அதை மறு உழவில் மடக்குங்கள். மழை இடம் கொடுத்தால் இதை இரண்டு தடவை செய்யலாம். மேல் மண்ணில் கிடக்கும் விதைக் கையிருப்பில் ஒரு பங்கு செலவாகிவிடும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் களைக்கு நிழலும் ஆயிற்று, மண்ணுக்கு உரமும் ஆயிற்று.

விதையை உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தீர்களா? முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்து விதையைக் கொட்டினால் பதரும், லேசான களை விதையும் மேலே வந்துவிடும். வழித்து எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி விதைக்க வேண்டும். மக்காத தொழுஎரு போடுவதும் களையைக் காசு கொடுத்து வாங்குவதுதான். மாட்டு வயிற்றையும் தாண்டி முளைக்கும் விதைகள் அதில் இருக்கும்.

மூன்றாவது, விதைத்த மூன்று நாள். புழுதி விதைப்பில் இதைத்தான் நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விதைத்து, முதல் மழையோ தண்ணீரோ கண்டு மண் ஈரமாக இருக்கும்போது, மூன்று நாளுக்குள் பெண்டிமெத்தலின் 30 இசி ஏக்கருக்கு 1.3 லிட்டர் அடித்திருந்தால், இன்று இந்தக் கேள்வியே வந்திருக்காது. காய்ந்த புழுதியில் அடித்தால் பலன் இல்லை, ஈரம்தான் அதன் கால். சேற்றில் முளைகட்டிய விதை விதைப்பவர்களுக்கு வேறு மருந்து. சேஃப்னர், அதாவது நெல்லை மருந்திலிருந்து காக்கும் பொருள், சேர்த்த பிரெட்டிலாகுளோர்தான் அவர்களுக்கு. சேஃப்னர் இல்லாததை அங்கே அடித்தால் களையோடு நெல்லும் கருகும். பெயர் ஒன்றுதானே என்று வாங்கி வந்து நாசமாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே மருந்தை வருஷா வருஷம் அடிப்பதும் கூடாது. அதற்குத் தப்பிய புல்தான் விதை போடும், அந்த விதைதான் அடுத்த வருஷம் முளைக்கும். கொஞ்ச காலத்தில் மருந்து பச்சைத் தண்ணீர் ஆகிவிடும்.

வரிசையில் விதைத்தாலோ நட்டாலோ கோனோவீடர் என்ற தள்ளு களைக்கருவியை ஓட்டலாம். திருந்திய நெல் சாகுபடியில் 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, நட்ட 10ஆம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு தடவை ஓட்டச் சொல்வார்கள். களையும் மடங்கும், வேருக்குக் காற்றும் போகும். மெல்லிய தண்ணீரில்தான் கருவி நகரும். காய்ந்த களிமண்ணில் இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். கைவிதைப்பில் உங்களுக்கு இந்த வழி இல்லை. அடுத்த சம்பாவுக்கு டிராக்டர் விதைப்பான் வைத்து வரிசையில் விதையுங்கள். ஒழுங்கில்லாத விதைப்பில் புல்லை அடையாளம் காணவே பாதி நாள் போகும்.

இப்போது காய்ச்சலும் பாய்ச்சலும். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு எளிய கருவியைப் பரப்பியது: 30 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, 15 சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். வெளியே தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பயிருக்குக் குறையில்லை. அதன் பிறகு 5 சென்டிமீட்டருக்குப் பாய்ச்சலாம். தண்ணீர்ச் செலவு நான்கில் ஒரு பங்குவரை மிச்சமாகும், மகசூல் குறையாது. பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவே விடக்கூடாது. குழாயை மேட்டிலும் வைக்காமல் பள்ளத்திலும் வைக்காமல், வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் சராசரி மட்டத்தில் வையுங்கள்.

கூட்டத்தில் சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. களை அதிகமாக இருந்தால் இந்த முறையைத் தொடங்குவதை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போட்டு, அதுவரை தண்ணீரை நிறுத்திக் களையை அமுக்க வேண்டும் என்று அந்த நிலையமே சொல்கிறது. பயிர் மூடி நிழல் கட்டிய பிறகு காயவிட்டால், முளைக்கிற களைக்கு வெயில் கிடைக்காது. மூடும் முன்னால் காயவிட்டால் வயல் களையின் கைக்குப் போகும். உங்கள் பயிர் மூட இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.

இன்னொன்று என் சொந்த அபிப்பிராயம். இந்த முறை குறுவைக்கும், போர் தண்ணீரில் நடும் கோடைப் பயிருக்கும்தான் முழுசாகப் பொருந்தும். வாய்க்கால் கடைசியில் இருக்கும் உங்கள் கடைமடைச் சம்பாவில் புரட்டாசியில் இரண்டு மூன்று தடவை காயவிட முடிந்தால் அதிகம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், எப்படிப் பாய்ச்சுவது என்பது பேச்சே இல்லை, எப்படி வடிப்பது என்பதுதான். இப்போதே வடிகாலில் ஆகாயத்தாமரையும் கோரையும் அடைத்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். வயல் களையைப் பற்றிப் பேசுபவர்கள் வடிகால் களையைப் பேசுவதே இல்லை. உங்கள் வயல் மண்ணில் உவர் இருந்தால் அதையும் கவனியுங்கள். கடலோரத்தில் நிலம் காயக் காய அடி உப்பு மேலே ஏறும். வரப்பில் வெள்ளை பூத்திருந்தால் காய்ச்சலை மறந்துவிடுங்கள், நல்ல தண்ணீரை நிறுத்தி வைப்பதே அங்கே மேல்.

காயவிடும்போது வெடிப்பையும் பாருங்கள். மயிரிழை வெடிப்பு விழுந்ததும் பாய்ச்சிவிட வேண்டும். நம் களிமண்ணில் விரல் நுழையும் வெடிப்பு விட்டால் அடுத்த தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகவே கீழே போய்விடும், மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போகும்.

யூரியா இன்னும் போடவில்லை என்றால் நல்லது. களை இருக்கும்போது போட்ட யூரியாவை முதலில் தின்பது களைதான். மருந்து அடித்து, மிச்சத்தைக் கையால் எடுத்து முடித்த பிறகு, சேறு நிலையில் யூரியா தூவி அதன் மேல் தண்ணீர் விடுங்கள். தூவிவிட்டுக் காயவிட்டு, பிறகு பாய்ச்சினால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போகும்.

ஆக இந்த வாரம் இப்படி: முதல் நாள் வடிப்பு, அன்றே வரப்பு அடைப்பு. இரண்டாம் நாள் காலையில், காற்று எழும்புமுன், விசிறி நாசில் போட்டு மருந்து. மருந்து அடிப்பவர் கையுறை, முகக்கவசம் இல்லாமல் இறங்க வேண்டாம். நான்காம் நாள் தண்ணீர். பத்து நாள் கழித்து, சாகாமல் நிற்கும் புதர்ப் புல்லுக்கு ஆள். பிடுங்கும்போது நெல் பறிபோன இடங்களில், நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து பயிரைக் களைந்து நட்டுவிடச் சொல்லுங்கள். அந்த வயதில் பிடுங்கி நட்டால் பிடித்துக்கொள்ளும்.

அதற்கும் தப்பிய குதிரைவாலி நெல் பால் பிடிக்கும் முன்பே கதிர் விட்டு, நெல்லுக்கு மேலே தலையை நீட்டும். நெல் முற்றுவதற்குள் அது முற்றி உதிர்ந்துவிடும், ஒரு தூருக்கு ஆயிரக்கணக்கில் விதை. மார்கழியில் ஒரு காலை, அரிவாளும் சாக்குமாக இறங்கி, அந்தக் கதிர்களை மட்டும் அறுத்துச் சாக்கில் போட்டு வெளியே கொண்டு வாருங்கள். வரப்பில் குவித்துவிட்டு வராதீர்கள். நான் ஒரு வருஷம் அப்படி விட்டுவிட்டு வந்து, அடுத்த சம்பாவில் வரப்போரம் முழுக்க அதையே பிடுங்கிக்கொண்டிருந்தேன்.